பனிப்புயல் வந்தால் கடல் ஏன் ஊருக்குள் வருகிறது?

2018 ஜனவரி 4-ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஊருக்குப் பனி புதிது இல்லை. பனி தள்ளும் வண்டிகள், சாலையில் உப்பு தூவும் லாரிகள், பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை என்று எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடாகிவிடும். ஆனால் மதியம் பன்னிரண்டரை மணிவாக்கில் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் கடல் ஏறி வந்தது. பனிக்கட்டித் துண்டுகள் மிதக்கும் சாம்பல் நிறத் தண்ணீரில் பெரிய இரும்புக் குப்பைத்தொட்டிகள் தெருவோடு மிதந்து போயின. அக்வேரியம் என்ற சுரங்க ரயில் நிலையத்தின் படிகளில் கடல்நீர் இறங்கி ஓடியது. நிலையத்தை மூட வேண்டியதாயிற்று. அன்று துறைமுகத்தில் பதிவான நீர்மட்டம் 15.16 அடி. அங்கே 1921 முதல் இருக்கும் பதிவுகளில் அதற்கு முன் கடல் அவ்வளவு உயரம் வந்ததே இல்லை.

பனி, காற்று, கடல்வெள்ளம் மூன்றும் ஒரே புயலில் வருவது வங்கக் கடல் புயல்களைப் பார்த்துப் பழகிய நமக்குக் கொஞ்சம் புரியாத விஷயம்தான். நமக்குத் தெரிந்த புயல் சூடான கடலில் பிறப்பது. குளிர்காலத்தில், பனி கொட்டும் ஊரில், புயலுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? சரி, வந்தாலும் கடல் ஏன் ஊருக்குள் வர வேண்டும்?

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையைத் தாக்கும் இந்த வகைப் புயலுக்கு நார்-ஈஸ்டர் என்று பெயர். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் இவற்றின் முக்கியமான காலம். பெயரைப் பார்த்துப் பலர் இது வடகிழக்கிலிருந்து வரும் புயல் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. இது பெரும்பாலும் தெற்கே ஜார்ஜியாவுக்கும் நியூ ஜெர்சிக்கும் இடைப்பட்ட கடற்கரையை ஒட்டி உருவாகி, கரையோரமாகவே வடகிழக்கு நோக்கி நகர்கிறது. பாஸ்டன் இருக்கும் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்து மாநிலங்களையும் கனடாவின் கடலோர மாகாணங்களையும் நெருங்கும்போது அதன் பலம் உச்சத்துக்குப் போகிறது. வடகிழக்கிலிருந்து வருவது காற்றுதான். பூமியின் வட பாதியில் காற்றழுத்தத் தாழ்வு மையத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். புயலின் மையம் கடலில், ஊருக்குத் தென்கிழக்கே இருந்தால், ஊரில் அடிப்பது வடகிழக்குக் காற்றாக இருக்கும். அதாவது கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும் காற்று. வெள்ளத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

சக்தி எங்கிருந்து வருகிறது?

வங்கக் கடல் புயலுக்கு எரிபொருள் கடலின் வெப்பம். கடல் பரப்பு ஏறக்குறைய 26, 27 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதிலிருந்து ஆவியாகும் நீர் மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது வெளியிடும் வெப்பம்தான் புயலை ஓட்டுகிறது. நார்-ஈஸ்டருக்கு முக்கியமான எரிபொருள் வேறு: வெப்பத்துக்கும் குளிருக்கும் இடையே உள்ள வித்தியாசம்.

ஜனவரியில் அந்தக் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். நிலத்தின் மேல் கனடாவிலிருந்து இறங்கி வந்த, உறைநிலைக்கும் கீழான காற்று கிடக்கிறது. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே, கரோலினா மாநிலங்களுக்கு எதிரே, வளைகுடா நீரோட்டம் ஓடுகிறது. மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து வரும் அந்த நீர் நடுக்குளிர்காலத்திலும் 20 டிகிரிக்கு மேல் இருக்கும். இத்தனை வித்தியாசமான இரண்டு காற்றுகள் இவ்வளவு அருகருகே கிடக்கும் கடற்கரைகள் உலகத்திலேயே குறைவு. குளிர்காற்று கனமானது, வெப்பக்காற்றின் அடியில் நுழையும். வெப்பக்காற்று இலேசானது, குளிர்காற்றின் மேல் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில் விடுபடும் ஆற்றல்தான் சுழலும் காற்றாக மாறுகிறது. கூடவே, கடலிலிருந்து ஏறும் ஈரம் மேகமாகும்போது வெளியிடும் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டு காற்றுகளும் மோதிக்கொள்ளும் எல்லைக்கு வானிலையாளர்கள் ‘ஃப்ரண்ட்’ என்று போர்முனையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நார்வேயின் பெர்கன் நகரத்தில் ஜேக்கப் பியர்க்னெஸும் அவருடைய கூட்டாளிகளும் இந்தக் கருத்தை உருவாக்கியது முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919 வாக்கில். போர்ச் செய்திகளில் தினமும் அடிபட்ட வார்த்தை வரைபடத்திலும் ஏறிக்கொண்டது.

இன்னும் ஒன்று வேண்டும். மேலே ஏறிய காற்று அங்கேயே தேங்கினால் கீழே அழுத்தம் குறையாது. ஒன்பது, பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் அதை வேகமாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். கீழே வந்து சேரும் காற்றைவிட மேலே வெளியேறும் காற்று அதிகமானால் மையத்தில் அழுத்தம் மளமளவென்று விழும். சுமார் 24 மணி நேரத்தில் 24 மில்லிபார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) விழுந்தால் அதை ‘பாம்’, அதாவது குண்டு, என்று சொல்கிறார்கள். (இடத்தின் அட்சரேகையைப் பொறுத்து இந்த அளவு கொஞ்சம் மாறும், பாஸ்டன் இருக்கும் அட்சரேகைக்கு இதைவிடக் குறைவாக விழுந்தாலே போதும்.) அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெட் சாண்டர்ஸும் ஜான் ஜியாக்கமும் 1980-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை மூலம் அந்தச் சொல் நிலைத்தது. செய்தித் தொலைக்காட்சிகள் ‘பாம் சைக்ளோன்’ என்று அலறும்போது இது யாரோ பயமுறுத்துவதற்காகப் புதிதாகக் கட்டியது போலத் தோன்றும். உண்மையில் அது அளவு வைத்துச் சொல்லப்படும் பழைய சொல். மேலே சொன்ன 2018 ஜனவரிப் புயலில் ஒரே நாளில் விழுந்தது ஏறக்குறைய 59 மில்லிபார்.

பனியா, மழையா?

ஒரே புயலில் ஒரு ஊருக்கு இரண்டடிப் பனியும், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு வெறும் மழையும் கிடைக்கும். எல்லாம் புயலின் பாதையைப் பொறுத்தது. குளிர்காலத்திலும் கடல்நீர் உறைநிலைக்குச் சில டிகிரிகள் மேலேயே இருப்பதால், கடலைத் தடவி வரும் காற்று கரையோரத்தைச் சற்றுச் சூடாக்கிவிடும். புயல் கரைக்கு மிக அருகில் போனால் அந்தச் சூடு உள்நாடு வரைக்கும் நுழைந்து பனி மழையாகிவிடும். ரொம்ப வெளியே போனால் ஈரம் கரைக்கு வராமலே போகும். நியூ இங்கிலாந்து வானிலையாளர்கள் இதற்கு வரைபடத்தில் ஒரு புள்ளியை வைத்திருக்கிறார்கள்: வடக்கே 40 டிகிரி, மேற்கே 70 டிகிரி. நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே நடுக்கடலில் இருக்கும் அந்தப் புள்ளியை ஒட்டி மையம் கடந்தால் பாஸ்டனுக்குப் பனி நிச்சயம் என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு 2015 ஜனவரி 26, 27 சாட்சி. நியூயார்க் நகரத்துக்கு இரண்டடிக்கு மேல் பனி வரும் என்று எச்சரித்தார்கள். பனிக்காக அந்நகரத்தின் சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். புயல் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போயிற்று. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 அங்குலம். பாஸ்டனிலோ 24.6 அங்குலம். கணிப்பாளர்கள் தவறிவிட்டார்கள் என்று அன்று பலர் கோபப்பட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பரவிய ஒரு புயலின் பாதையில் சில பத்து கிலோமீட்டர் வித்தியாசம் என்பது கணிப்பில் பெரிய பிழையே இல்லை. ஆனால் அந்தப் பிழை நியூயார்க்கின் மேல் விழுந்துவிட்டது.

பொதுவாக ஒரு அங்குல மழைக்குரிய நீர் பத்து அங்குலப் பனியாகும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. உறைநிலைக்கு அருகில் விழும் பனி ஈரமாக, கனமாக இருக்கும். மரக்கிளைகளையும் மின்கம்பிகளையும் முறிப்பது அதுதான். கடுங்குளிரில் விழுவது பொடிப்பனி. அதைக் காற்று தூக்கிப் பறக்கவிடும். மணிக்கு 35 மைல், அதாவது சுமார் 56 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் காற்று வீசி, கால் மைலுக்கு அப்பால் கண் தெரியாத நிலை மூன்று மணி நேரம் நீடித்தால்தான் அமெரிக்க வானிலைத் துறை அதை ‘பிளிசர்ட்’ என்று அழைக்கும். எவ்வளவு பனி விழுந்தது என்பதற்கு இந்த வரையறையில் இடமே இல்லை.

கடல் ஏறும் கணக்கு

எனக்கு இந்த விஷயத்தில் ஒரு வருத்தம் உண்டு. பனிப்புயல் என்றால் செய்திகளும் மக்களும் ‘எத்தனை அங்குலம்?’ என்று பனியைத்தான் கேட்கிறார்கள். பனியை இரண்டு மூன்று நாளில் அள்ளிவிடலாம். வீட்டுக்குள் புகுந்த கடல்நீர் அஸ்திவாரம், மின் இணைப்பு, கார் என்ஜின் எதையும் விட்டுவைக்காது. அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவு. மேலே அழுத்தும் காற்றின் எடை குறைந்தால் கடல் சற்று எழும்பும்: ஒரு மில்லிபாருக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். இது சின்னப் பங்குதான். பெரிய வேலையைச் செய்வது காற்று. வடகிழக்குக் காற்று மணிக்கணக்கில் ஒரே திசையில் தள்ளும்போது கடல்நீர் கரையில் குவிகிறது. பூமி சுழல்வதால் வட பாதியில் காற்று தள்ளும் நீர் காற்றின் திசைக்கு வலப்பக்கமாக விலகும். வடகிழக்கிலிருந்து தென்மேற்காக வீசும் காற்றுக்கு வலப்பக்கம் எது? வடமேற்கு. கிழக்குக் கடற்கரையில் அந்தத் திசையில் இருப்பது நிலம். ஆக, கரைக்கு நேராக வீசாமல் கரையோரமாகச் சாய்ந்து வீசினாலும் இந்தக் காற்று நீரைக் கரைக்கே கொண்டு சேர்க்கும். பாஸ்டன் அமைந்திருக்கும் மாசசூசெட்ஸ் வளைகுடாவின் வாய் வேறு கிழக்கையும் வடகிழக்கையும் பார்த்தே திறந்திருக்கிறது. ஒரு பக்கம் கேப் ஆன், மறுபக்கம் கேப் காட் என்று கடலுக்குள் நீளும் இரண்டு நிலமுனைகள். உள்ளே தள்ளப்பட்ட நீருக்குப் போக இடம் இல்லை.

இப்படிப் புயலால் கடல்மட்டம் உயர்வதைப் புயல் எழுச்சி என்கிறார்கள். பாஸ்டனில் 2018 ஜனவரியில் இது சுமார் மூன்றடி. மூன்றடி எழுச்சிக்கு ஒரு மாநகரமே தத்தளிக்குமா என்று கேட்கலாம். அதற்குப் பதில் ஓதத்தில், அதாவது கடல் ஏற்றவற்றத்தில் இருக்கிறது.

சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். பாஸ்டனில் சராசரியாகவே ஒன்பதரை அடி, கிட்டத்தட்ட மூன்று மீட்டர். தினமும் இரண்டு முறை கடல் அவ்வளவு ஏறி இறங்குகிறது. புயல் எழுச்சியை ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டால், ஓதம் அவன் ஏறி நிற்கும் முக்காலி. தரையில் நிற்கும்போது பரணுக்குக் கை எட்டாதவன், முக்காலியில் ஏறினால் எட்டிவிடுவான். அதே மூன்றடி எழுச்சி வற்றத்தின்போது வந்தால் துறைமுகத்தில் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

பாஸ்டனின் அளவுகோலில் பூஜ்யம் என்பது கடலின் சராசரி மட்டம் அல்ல. தினசரி வற்றங்களில் தாழ்வானதன் சராசரி. அந்தக் கணக்கில் 12.5 அடியைத் தொட்டால் தாழ்வான கரையோரச் சாலைகளில் நீர் தலைகாட்டத் தொடங்கும். 2018 ஜனவரி 1 இரவு அங்கே பௌர்ணமி; நிலவு பூமிக்கு மிக அருகில் இருந்ததும் அதே சமயம். சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் இழுக்கும் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஏற்றம் கூடுதலாக இருக்கும் என்பது கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 4-ஆம் தேதி மதியம் புயலே இல்லாமல் வந்திருக்கக்கூடிய ஏற்றம் மட்டுமே சுமார் 12 அடி. அதன் மேல் மூன்றடி எழுச்சி சரியாக வந்து உட்கார்ந்தது.

நேரம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் பாஸ்டனிலேயே சான்று இருக்கிறது. 2012 அக்டோபர் 29-ஆம் தேதி சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது பௌர்ணமி இரவு, ஏற்ற நேரம். மன்ஹாட்டனின் தென்முனையில் நீர் ஏறக்குறைய 14 அடி வரை வந்து சுரங்கப் பாதைகளை நிரப்பியது. அதே புயலின் எழுச்சி பாஸ்டனில் உச்சத்துக்கு வந்தபோது கடல் வற்றத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாறு மணி நேர வித்தியாசம், ஊர் தப்பித்தது.

ஆனால் நார்-ஈஸ்டரில் அப்படித் தப்பிப்பது கடினம். வெப்பமண்டலப் புயல் பெரும்பாலும் சில மணி நேரத்தில் கடந்துவிடும். நார்-ஈஸ்டர் அகலமானது. வடக்கே கனடா மேல் உயர் அழுத்தம் வழிமறித்தால் அது நகராமல் இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் நின்று வீசும். ஏற்றம் ஒவ்வொரு 12 மணி 25 நிமிடத்துக்கும் வருகிறது. ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்ததைப் பிடித்துவிடும். 1962 மார்ச் 6 முதல் 8 வரை வடக்குக் கரோலினா தொடங்கி நியூயார்க் வரை கடற்கரையை உடைத்த புயல் தொடர்ந்து ஐந்து ஏற்றங்களில் நின்று அடித்தது. முதல் ஏற்றத்தில் மணல்மேடு அரிக்கப்படும், இரண்டாவதில் தடுப்புச்சுவர் விரிசல் காணும், மூன்றாவதில் அலை நேராக வீட்டுச் சுவரில் மோதும். எழும்பிய நீரின் மேல் ஏறி வரும் அலைகள் வழக்கமாக உடையும் இடத்தைத் தாண்டி, ஊருக்குள் வந்து உடைகின்றன.

1978 பிப்ரவரி 6, 7-இல் வந்த புயலைப் பற்றி நியூ இங்கிலாந்தின் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். திங்கட்கிழமை காலையில் வர வேண்டிய பனி தாமதமாகவே, கணிப்பு தவறிவிட்டது என்று எண்ணி எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அப்புறம் கொட்டத் தொடங்கியது: பாஸ்டனில் 27.1 அங்குலம், அதாவது 69 சென்டிமீட்டர். 128-ஆம் எண் நெடுஞ்சாலையில் 3,000-க்கும் மேற்பட்ட கார்களும் சுமார் 500 லாரிகளும் பனியில் புதைந்தன. சூட்டுக்காக என்ஜினை ஓடவிட்டவர்களில் சிலர், புகைக்குழாயைப் பனி அடைத்ததால் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு காருக்குள்ளேயே பலியானார்கள். ஊரே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ரெவியர், ஹல், சிட்சுவேட் போன்ற கரையோர ஊர்களில் கடல் ஏற்றத்துக்கு ஏற்றம் வீடுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. அன்று பாஸ்டன் துறைமுகத்தில் பதிவான 15.10 அடிதான் நாற்பது ஆண்டுகள் முறியாமல் இருந்தது.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1978-இல் 15.10, 2018-இல் 15.16. வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் அந்த நாற்பது ஆண்டுகளில் பாஸ்டனில் கடல்மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கிறது. கடந்த நூறு ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய ஒரு அடி. (இதில் நிலம் மெல்லத் தாழ்வதன் பங்கும் கொஞ்சம் உண்டு.) அந்த உயர்வைக் கழித்துவிட்டால் 2018 புயலும் ஓதமும் சேர்ந்து எழுப்பிய நீர் 1978-ஐவிடக் குறைவு. ஆக, சாதனையை முறித்தது புயலின் பலம் இல்லை; கடல் ஏற்கெனவே ஏறி நின்ற உயரம்தான். எனக்கு இந்தக் கழித்தல் கணக்கு எந்த வெள்ளப் புகைப்படத்தைவிடவும் அதிகக் கவலையைத் தருகிறது. 2018-இல் நீர் புகுந்த பாஸ்டனின் சீபோர்ட் பகுதி ஒரு காலத்தில் ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் தலைகாட்டிய சேற்றுநிலம். அதை மண் கொட்டி மேடாக்கித்தான் இன்றைய கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

இரண்டே மாதத்தில் இன்னொன்று வந்தது. 2018 மார்ச் 2-ஆம் தேதி, மறுபடியும் பௌர்ணமியை ஒட்டி, துறைமுகத்தில் நீர் 14.67 அடி ஏறியது. அதுவரையான பதிவுகளில் மூன்றாவது இடம். அந்தப் புயலில் பாஸ்டனில் கொட்டியது பெரும்பாலும் மழை. பனியின் அளவைப் பார்த்து வெள்ளத்தை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

முன்னறிவிப்பைப் படிக்கும்போது

நியூ ஜெர்சியிலோ பாஸ்டனிலோ கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். வானிலைத் துறை பனிக்குத் தனியாகவும் கரையோர வெள்ளத்துக்குத் தனியாகவும் எச்சரிக்கை விடும். முன்னதைப் பார்த்துவிட்டுப் பின்னதை விட்டுவிடாதீர்கள். வெள்ள எச்சரிக்கையில் தேட வேண்டியது ஏற்ற நேரங்களை. வெள்ளம் பெரும்பாலும் அந்த நேரத்துக்கு ஓரிரு மணி முன்னும் பின்னும்தான் வரும். அதற்கு முன்பே காரை மேட்டுக்கு மாற்றிவிடலாம். மின்சாரம் போனால் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ ஓட்டக் கூடாது.

தேங்கிய கடல்நீரில் வண்டியை விட வேண்டாம். உப்புநீர் என்ஜினையும் மின்கம்பிகளையும் அரித்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. புயல் கடந்தபின் காற்று வடமேற்குக்குத் திரும்பி, பின்னாலேயே கடுங்குளிரைக் கொண்டுவரும். 2018 ஜனவரியில் மாசசூசெட்ஸ் கரையோரத்தில் வெள்ளத்தில் சிக்கிய கார்கள் அப்படியே கதவளவு பனிக்கட்டிக்குள் இறுகிப்போயின.

முதல் ஏற்றம் கடந்ததும் ஆபத்து முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். காற்றின் திசையைப் பாருங்கள். வடமேற்குக்கு மாறியிருந்தால் குவிந்த நீர் வடியத் தொடங்கிவிட்டது என்று பொருள். இன்னமும் வடகிழக்கிலேயே நின்றால், அடுத்த 12 மணி 25 நிமிடத்தில் வரப்போகும் ஏற்றத்துக்கும் சேர்த்தே தயாராக இருக்க வேண்டும்.